நாடுகளின் அவைக்கு ஒரு வாழ்த்துப் பாடல்

ஒரு நாட்டுக்கு வாழ்த்துப் பாடுவது ஓரளவு எளிது. மலையும் ஆறும் கொடியும் முன்னோர் வெற்றியும் புலவனுக்குத் துணைநிற்கும். நாடுகள் பல கூடிய அவைக்குப் பாடுவதோ அரிது. ஒருவர் வெற்றி அங்கே அடுத்த இருக்கையில் இருப்பவரின் தோல்வி. 1945-இல் தோன்றிய ஐக்கிய நாடுகள் அவைக்கு அதிகாரமுறையான பண் இன்றும் இல்லை.

ஆயினும் அதற்கென ஒரு பாடல் உண்டு. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் வேண்டிக்கொள்ள, கவிஞர் ஆடன் ஆங்கிலத்தில் எழுதினார். பாப்லோ கசால்ஸ் இசையமைத்தார். கசால்ஸ், பிராங்கோவின் ஆட்சியை ஏற்க மறுத்துத் தாயகமான ஸ்பெயினைவிட்டு அகன்று வாழ்ந்தவர். 1971 அக்டோபர் 24 அன்று, தம் 94-ஆம் வயதில், தாமே இசைக்குழுவை நடத்தி அவையில் அதனை அரங்கேற்றினார்.

ஆடன் செய்த செயல் கருதத்தக்கது. அவர் அவையைப் புகழவில்லை, இசையைப் பாடினார். சொல்லைக்கொண்டு பொய்யுரைக்கலாம், போரை எண்ணிக்கொண்டே அமைதி என்று கூறலாம் என எச்சரிக்கிறார். இசைக்கு அவ்வஞ்சகம் இயலாது என்பது அவர் துணிபு. உரிய நேரத்தில் மாறுவதே அமைதி என்றும் சொல்கிறார். தாளமறிந்த தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சொல்லை நம்பிப் பிழைக்கும் ஒரு கவிஞரே சொல்லை ஐயுறுவதுதான் வியப்பு!

அதே அவைக்குத் தமிழகத்திலிருந்தும் பாடல் சென்றதுண்டு. 1966 அக்டோபர் 23 அன்று எம்.எஸ். சுப்புலட்சுமி அங்கே பாடிய கச்சேரிக்கென இராஜாஜி ஓர் ஆங்கிலப் பாடலும், காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி ஒரு வடமொழிப் பாடலும் இயற்றினர். வடமொழிப் பாடல் போரை விடுக, பிறர் மண்ணைக் கவர்தலை விடுக எனக் கேட்போரை நோக்கி ஏவுகிறது. இராஜாஜியோ எம் பாவங்களைப் பொறுத்தருள்க என இறைவனை வேண்டுகிறார். ஏவலைவிட இவ்வேண்டுதலே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. தம் பிழையை ஒப்புக்கொண்டு தொடங்கும் வாழ்த்து உலகில் மிகச் சிலவே. (கணியன் பூங்குன்றனாரை இவ்விடத்தே அழைத்துவருவது நம் மேடை வழக்கம், அவருக்குச் சற்று ஓய்வு தருவோம்.)

விடுதலும் இயற்றலின் ஒரு கூறே. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பகுதி 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டபோது, வடமொழி வழக்கிழந்ததையும், பிற திராவிட மொழிகள் தமிழினின்று பிறந்ததையும் கூறும் அடிகள் விடப்பட்டன. 2021-இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டதும் அச்சுருக்கிய வடிவமே. சுந்தரனார் எழுதியது நாடகத்திற்கு; அரசு வேண்டியதோ எல்லாரும் எழுந்துநிற்கும் அவைக்கு.

நம் திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் ஒடியாவும் இந்தியும் தமிழோடு கலந்து ஒலிக்கின்றன. மாணவர்களே, விழாவுக்கு வாழ்த்து எழுதுமுன் ஒரு பயிற்சி செய்க. உங்கள் தந்தையோடு தையற்பொறியில் அமரும் ஒடிசாத் தோழர் அப்பாடலுக்கு எழுந்துநிற்பதாக எண்ணி, அதனை அவருக்குப் பொருள்கூறிப் படித்துப் பாருங்கள். எவ்வடியில் உங்கள் குரல் தயங்குகிறதோ அவ்வடியின்கீழ்க் கோடிட்டு, என்னிடம் கொண்டுவாருங்கள்.