எண்ணிப் பார்த்தியா அம்மா?

கேள்வி: மேடம், எங்களுக்கு 8 வயதில் ஒரு மகன், 5 வயதில் ஒரு மகள். அரையாண்டு லீவுக்கு என் அக்கா குடும்பம் வருகிறது. பத்தாவது படிக்கும் அக்கா பையன், ‘ஹோம் அலோன்’ பார்க்கலாம் சித்தி என்று இப்போதே நச்சரிக்கிறான். நானும் கணவரும் காலேஜ் நாளில் வயிறு வலிக்கச் சிரித்த படம்தான். ஆனால் மகள் இருட்டைக் கண்டால் பயப்படுவாள். மகனோ பார்த்ததை எல்லாம் செய்து பார்க்கிற ரகம். “இவ்வளவு அடிதடியைப் பிள்ளைங்களுக்குக் காட்டணுமா?” என்கிறார் மாமியார். “டாம் அண்ட் ஜெர்ரியில் இல்லாத அடியா?” என்கிறார் கணவர். போடலாமா, வேண்டாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: மகனுக்குப் போடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து. மகளுக்கு இந்த வருடம் வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் அதற்குக் காரணம் உங்கள் மாமியார் சொல்லும் அடிதடி இல்லை.

என் மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது இதே படத்தை நானே போட்டுக் காட்டினேன். பெயின்ட் டப்பா கயிற்றில் ஆடி வந்து திருடன் முகத்தில் மோதியதும் சோபாவில் புரண்டு சிரித்தான். சரி, பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். வேனில் எல்லாரும் ஏறியாயிற்று. அவன் மட்டும் படியில் நின்றுகொண்டு, “எல்லாரையும் எண்ணிப் பார்த்தியா அம்மா? என்னையும் சேர்த்து எண்ணினியா?” என்று கேட்டான். மண்டபம் போய்ச் சேரும்வரை என் புடவைத் தலைப்பை விடவில்லை. அடிகளை அன்றே மறந்துவிட்டான். பெற்ற அம்மாவே பிள்ளையை மறந்துவிட்டு விமானம் ஏறலாம் என்பதுதான் அவனுக்குள் தங்கிவிட்டது.

நாம் பெரியவர்கள் இந்தப் படத்தை நினைத்தால் திருடர்களுக்குப் பையன் வைக்கும் பொறிகள்தான் ஞாபகம் வரும். ஆனால் படம் மொத்தம் 103 நிமிடம். திருடர்கள் வீட்டுக்குள் நுழைந்து அடிபடுவது கடைசி அரை மணி நேரத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்ன ஓடுகிறது என்று யோசியுங்கள். சிகாகோ பக்கம் ஒரு பெரிய வீடு. பாரிஸ் போக 15 பேர் கூடியிருக்கிறார்கள். கதாநாயகன் கெவினுக்கு 8 வயது. அவன் பங்கு பீட்சாவை அண்ணன் தின்றுவிடுகிறான். தள்ளுமுள்ளில் பால் கொட்டுகிறது. அத்தனை பேர் நடுவில் அவனுக்கு மட்டும் திட்டு. மாடி அறைக்கு அனுப்பப்பட்டவன், இந்தக் குடும்பமே காணாமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறான். ராத்திரி கரண்ட் போய் அலாரம் அடிக்காமல், காலையில் அடித்துப் பிடித்துக் கிளம்புகிறார்கள். தலை எண்ணும்போது, வேனைக் குடைந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். நடுவானத்தில்தான் அம்மாவுக்கு உறைக்கிறது.

ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணால் இதைப் பாருங்கள். கோபத்தில் நினைத்தது பலித்துவிட்டது. நினைத்தால் நடந்துவிடும் என்று நிஜமாகவே நம்புகிற வயது அது. உங்கள் மகளும் அண்ணனோடு சண்டை போட்டு, ‘நீ போயிடு’ என்று கத்தியிருப்பாள். அவளுக்கு அந்தக் காட்சி வேடிக்கையாக இருக்காது.

அவள் இருட்டுக்குப் பயப்படுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில், வீட்டைச் சூடாக்கும் உலை ஒன்று நிலவறையில் இருக்கிறது. கெவினின் கற்பனையில் அது வாய் திறந்து நெருப்பைக் காட்டும். பிறகு பனி அள்ளும் மண்வாரியோடு அலையும் பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி. அவர் கொலைகாரர் என்று அண்ணன் கதை கட்டிவிட்டிருக்கிறான். அமெரிக்க ஆய்வாளர் ஜோஆன் கேன்டர் குழந்தைகளின் டிவி பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ‘ஹல்க்’ தொடரை வைத்து அவரும் சக ஆய்வாளரும் பார்த்ததில், சின்னப் பிள்ளைகள் அதிகம் பயந்தது நல்ல மனிதன் பச்சைப் பூதமாக மாறும் இடத்தில். அவன் காப்பாற்ற வந்தவன் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. சின்ன வயதில் உருவம்தான் பயமுறுத்தும். ஆள் நல்லவரா என்பதெல்லாம் பிறகு வரும் அறிவு. மார்லியும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தேவாலயத்தில் கெவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிறாரே, அந்த இடம்வரை அவர் ஒரு பூச்சாண்டி. மகனோடு பேச்சுவார்த்தை அறுந்துபோய், பேத்தி பாடுவதையாவது கேட்கலாம் என்று வந்து உட்கார்ந்திருக்கும் தாத்தா என்று அப்போதுதான் தெரிகிறது. படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அதனால், எந்தக் குழந்தைக்குக் காட்டினாலும் ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள். ராத்திரி எட்டரைக்குப் போட்டுவிட்டு, பாதியில் ‘தூங்கும் நேரமாச்சு, மீதி நாளைக்கு’ என்று அணைக்காதீர்கள். பயம் முழுக்க முன்பாதியில் இருக்கிறது. அதை ஆற்றும் தேவாலயக் காட்சியும், அம்மா ஓடிவந்து சேரும் கிறிஸ்துமஸ் காலையும் பின்பாதியில்தான் வருகின்றன. பாதியில் நிறுத்தினால் பிள்ளை பயத்தை மட்டும் படுக்கைக்கு எடுத்துக்கொண்டு போகும். பகலில் போடுங்கள், ஒரே மூச்சில். முடிவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா திரும்பி வந்துவிடுவாள், அந்தத் தாத்தா நல்லவர் என்று தெரிந்திருந்தால் சின்னவர்களுக்குச் சுவை குறையாது. ஒரே கதையைத் தினமும் கேட்கிறவர்கள்தானே அவர்கள்.

இனி உங்கள் மகன். அவனுக்குப் பயம் இருக்காது, கை துறுதுறுக்கும். கணவர் டாம் அண்ட் ஜெர்ரியைச் சொல்கிறார். அந்தப் பூனை அப்பளமாக நசுங்கி, மறு நொடி பழையபடி நிமிர்கிறது. வரைந்த பூனை என்று எட்டு வயதுக்குத் தெரியும். இங்கே அடிபடுவது ரத்தமும் சதையுமான ஆள். மேலிருந்து முகத்தில் விழுவதோ உங்கள் வீட்டு மேசையில் இருக்கிற அதே அயர்ன் பாக்ஸ். பழுக்கக் காய்ச்சிய கதவுக் குமிழைத் திருடன் பிடிக்கிறான், அவன் தலையை நெருப்பு பொசுக்குகிறது, இன்னொரு திருடன் வெறுங்காலோடு ஆணியை மிதிக்கிறான். அடுத்த காட்சியில் எழுந்து நடக்கிறார்கள். நிஜத்தில் அந்த உயரத்திலிருந்து இரும்பு முகத்தில் விழுந்தால் எலும்பு நொறுங்கும். சூட்டுக் காயத்துக்கு மாதக்கணக்கில் கட்டுப் போடவேண்டும். வலியை அப்படியே காட்டினால் சிரிப்பு வராது என்பதால் படம் அதை வெட்டிவிடுகிறது. வெட்டியதைச் சொல்லவேண்டியது பக்கத்தில் இருக்கும் நீங்கள்.

பார்த்ததைப் பிள்ளைகள் செய்வார்கள் என்பது வெறும் பாட்டி பயம் இல்லை; மாமியாரின் கவலையில் நியாயம் உண்டு. 1961-இல் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதை மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு வேறோர் அறையில் அதேபோன்ற பொம்மையையும் மரச் சுத்தியலையும் கொடுத்தபோது பலர் அச்சு அசலாக அதையே செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதைப் படமாக எடுத்துக் காட்டியபோதும் அப்படித்தான்.

மகனுக்கு அறிவுரை சொன்னால் ஏறாது. எப்படி எடுத்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். கண்ணாடி உருண்டைகள்மேல் திருடன் மார்வ் வெறுங்காலோடு நடக்கிறான் அல்லவா, அந்த நடிகர் டேனியல் ஸ்டெர்ன் போட்டிருந்தது ரப்பரில் செய்த கால். இப்படி அடிதடியால் சிரிக்கவைப்பதை ஸ்லாப்ஸ்டிக் என்பார்கள்; அந்தப் பெயரே பழைய இத்தாலிய நாடகக்காரர்கள் வைத்திருந்த ஒரு தடியிலிருந்து வந்தது. இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. சத்தம் பலமாக வரும், அடி மெல்ல விழும். ஒரு அட்டையை மடித்து அவனையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பொறி வைக்கத் துடிக்கும் கைக்கு அது போதும். ஆனாலும் அந்த வாரம் அயர்ன் பாக்ஸ், தீப்பெட்டி, மாடிப்படி மூன்றிலும் ஒரு கண் இருக்கட்டும்.

சின்னதாக இன்னும் சில. கருப்பு வெள்ளையில் ஒரு ரவுடிப் படத்தைக் கெவின் டிவியில் போட்டுப் பார்ப்பான். துப்பாக்கி சரமாரியாக வெடிக்கும். அண்ணன் அறையில் பெரியவர்கள் பார்க்கும் பத்திரிகை ஒன்று கண்ணில் படும். சில்லறைக் கெட்ட வார்த்தைகளும் உண்டு. அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு, பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற பி.ஜி. சான்றிதழ்தான் கொடுத்தார்கள். நம் ஊரிலும் 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். உதவிதான், ஆனால் எந்தச் சான்றிதழுக்கும் உங்கள் மகள் இருட்டில் விரலைப் பிடித்துக்கொள்வது தெரியாது.

அண்ணன்மார் பார்க்கும்போது அவளை மட்டும் எப்படித் தள்ளி வைப்பது என்று கேட்பீர்கள். அந்த இரண்டு மணி நேரம் பாட்டியோடு கடைக்கோ கோவிலுக்கோ அனுப்பலாம். மாமியாருக்கும் அது பிடிக்கும். அழுது அடம்பிடித்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நிலவறைக் காட்சியைத் தள்ளி ஓட்டிவிடுங்கள். விமானக் காட்சி வரும்போது, “நான் உன்னைத்தான் முதல்ல எண்ணுவேன்” என்று காதில் சொல்லுங்கள். அவள் திரையைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்க்க ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, மிச்சக் கதையை வாயால் முடித்துவிடுங்கள்.

அக்கா பையன் கையோடு இரண்டாம் பாகத்தையும் கேட்பான். 1992-இல் வந்தது. அதில் கெவின் நியூயார்க்கில் ஒரு வீட்டு மாடியின் மேலே நின்று, கீழே இருக்கும் மார்வின் தலையைக் குறிபார்த்துச் செங்கல்லாக வீசுவான். ஒன்றல்ல, பல. உங்கள் வீட்டில் மொட்டைமாடி இருந்தால், மகனுக்குக்கூட அது இந்த லீவுக்கு வேண்டாம்.