டிராக்டரின் காற்று வடிகட்டியும் அதன் பராமரிப்பும்

சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை உழவு செய்து நிலத்தை ஆறப் போடும்படி நமது இலாகா வருஷந்தோறும் குடியானவர்களுக்குச் சொல்லி வருகிறது. அதன் பலன்களைப் பற்றி ஆட்சேபணை ஒன்றுமில்லை. ஆனால் டிராக்டர் இஞ்சினுக்கு வருஷத்தில் மிகுந்த கேடு விளைவிக்கக்கூடிய வேலையும் அதுவே என்பதை நாம் கூடவே சொல்லாமல் விட்டுவிடுகிறோம். மழை தவறிப்போய்க் காய்ந்து கிடக்கும் செம்மண்ணிலோ கரிசலிலோ ரோட்டவேட்டரைப் பூட்டி ஓட்டுங்கால், காற்றுப் பின்னிருந்து வீசுமாயின், எழும்பும் புழுதி வண்டி முழுவதையும் மூடிக்கொள்ளுகிறது. ஓட்டுபவர் வாயையும் மூக்கையும் துண்டினால் கட்டிக்கொள்ளுகிறார். இஞ்சினுக்குக் கட்டப்பட்ட துண்டுதான் காற்று வடிகட்டி. மெக்கானிக்குகள் இதனை ஏர் கிளீனர் என்பர்.

இஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்ளுகிறது என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். சிலிண்டர்கள் யாவும் சேர்ந்து 2,500 கன சென்டிமீட்டர், அதாவது இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள ஓர் இஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது காற்றை இழுக்கும். ஆகவே நிமிஷத்திற்கு 2,500 லிட்டர். மணிக்கு 1,50,000 லிட்டர். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதும் நிரம்புவதில்லையாதலால் சற்றுத் தள்ளிப் பார்த்தாலும் மணிக்கு 1,20,000 லிட்டருக்குக் குறையாது. எட்டு மணி நேர உழவில் ஏறக்குறையப் பத்து லட்சம் லிட்டர் காற்று! கேனிலிருந்து டீசலை ஊற்றும்போது துணி வைத்து வடித்து ஊற்றும் குடியானவர்களை நான் எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கிறேன். நல்ல வழக்கந்தான். ஆனால் காற்றின் சங்கதியை அவர்களிற் பலர் விசாரிப்பதேயில்லை.

புழுதியில் பெரும் பங்கு மணலின் நுண்பொடியாகும். மணற்கல்லின் கடினம் சிலிண்டரின் வார்ப்பிரும்பைக் காட்டிலும் அதிகம். பிஸ்டன் ரிங்கிற்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனமே உள்ளது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தப் படலத்தைவிடச் சற்றுப் பெரிதான துகள்கள், கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாதவை, எண்ணெயுடன் கலந்து, வால்வு தேய்க்க மெக்கானிக் இடும் பசையைப் போலவே இரு பக்கமும் அராவுகின்றன. தேய்ந்தது தேய்ந்ததுதான். இஞ்சின் எண்ணெய் குறைந்துகொண்டே வருதல், காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாமை, நீலப்புகை ஆகிய குறிகள் தோன்றும்போது காரியம் மிஞ்சிவிட்டிருக்கும். கறுப்புப் புகை இதற்கு வேறு. காற்றுப் போதாமல் டீசல் சரிவர எரியாவிட்டாலும் கறுப்புப் புகை வரும். வடிகட்டி அடைபட்டதனால் வந்ததாயின் அதைச் சுத்தம் செய்தவுடன் நீங்கிவிடும்.

எனது சரகத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பாங்கிக் கடனில் டிராக்டர் வாங்கிய ஒரு குடியானவர், இரண்டாவது கோடையிலேயே வண்டி நீலப்புகை விடுவதாக என்னிடம் வந்து முறையிட்டார். அவர் அசிரத்தையானவர் அல்லர். வடிகட்டியின் எண்ணெய்க் கிண்ணத்தைத் தம் கையாலேயே கழற்றிக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி வந்தவர். செயல்விளக்கத்தின்போது நானே அவருடைய கிண்ணத்தை நாலு பேருக்கு எடுத்துக் காட்டியிருக்கிறேன். மெக்கானிக் வந்து, வடிகட்டிக்கும் இஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர்க் குழாயைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தார். துணி செம்மண் நிறமாக வெளிவந்தது. கிளாம்ப்பின் அடியில், நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்புறத்தில், விரல் நகத்தளவு ஒரு வெடிப்பு இருந்தது. வடிகட்டி தன் வேலையைச் செய்தது. இஞ்சினோ அந்த வெடிப்பின் வழியே வடிகட்டாத காற்றையும் குடித்து வந்திருக்கிறது. அவ்வருஷம் அறுவடைக் காலத்து வாடகை வருமானம் முழுவதும் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றும் செலவிற்குப் போயிற்று. கடன் தவணையும் ஒன்று தவறிற்று. கிண்ணத்தை மெச்சிய நான் குழாயைக் குனிந்து பார்க்கவில்லை. அன்று முதல் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குழாயின் அடிப்புறத்தையே தடவிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஆகையால் வடிகட்டியைத் தாண்டி இஞ்சின் வரையிலுள்ள பாதையை மாதம் ஒரு முறையேனும், கோடையில் வாரம் ஒரு முறையும், வெள்ளைத் துணியினால் சோதிக்க வேண்டும். உட்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். சிறிது புழுதி கண்டாலும் காரணத்தைத் தேடாமல் வண்டியை ஓட்டலாகாது. டர்போ இல்லாத சாதாரண இஞ்சின்களுக்கு மற்றொரு சோதனையும் உண்டு. மெதுவாக ஓடவிட்டு, காற்று நுழையும் வாயைத் தட்டையான பலகையொன்றினால் இறுக மூடினால், சில நொடிகளில் இஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நில்லாமல் ஓடுமானால் எங்கோ ஓரிடத்தில் திருட்டுக் காற்று நுழைகிறது. டர்போ உள்ள வண்டிகளில் இதைச் செய்தல் கூடாது. வெடித்த குழாய்க்கு டேப் சுற்றுவதும் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டுவதும் வண்டியை வீடு கொண்டு சேர்க்கத்தான் உதவும். மறு உழவிற்குமுன் புதுக் குழாய் போட வேண்டும்.

நிற்க, வடிகட்டிகளின் வகைகளைப் பார்ப்போம். நம் நாட்டு டிராக்டர்களிலும் பவர் டில்லர்களிலும் நெடுங்காலமாக வழங்கி வருவது எண்ணெய்க் கிண்ண வகை. இழுக்கப்படும் காற்று நடுக்குழாய் வழியே கீழிறங்கி, கிண்ணத்து எண்ணெயின்மேல் மோதித் திரும்பி, கம்பி வலைகளுக்கூடே மேலேறுகிறது. திரும்பும் இடத்தில் கனத்த தூசி எண்ணெயில் விழுகிறது. எஞ்சியது எண்ணெய் படிந்த வலையில் ஒட்டிக்கொள்ளுகிறது. கிண்ணத்தைச் சமதரையில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் கழித்தே கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்குள் வலையிலுள்ள எண்ணெய் வடிந்து கீழிறங்கிவிடும். கோடை உழவிலும் கதிரடிப்பிலும் தினந்தோறும் பார்ப்பது அவசியம். அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவு சேறு படிந்திருந்தாலும், எண்ணெய் கூழ்போல் ஆகியிருந்தாலும், முழுவதையும் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிப் புது எண்ணெய் விட வேண்டும்.

எண்ணெய் அளவுக்குக் கிண்ணத்திலேயே ஒரு கோடு இட்டிருக்கும். கோட்டிற்குக் குறைந்தால் புழுதி தப்பிச் செல்லும். ‘கொஞ்சம் கூடினால் நல்லதுதானே’ என்று நினைப்பவர்கள் அதிகம்; அது பெருந்தவறு. மிகையான எண்ணெயை இஞ்சின் உறிஞ்சி, அதையே எரிபொருளாகக் கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடவும் கூடும். இஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை இதற்கு ஊற்றுவதும் கூடாது. கம்பி வலையைப் போகத்திற்கு ஒரு முறையாவது மண்ணெண்ணெயில் அலசி, நன்கு வடியவிட்டுப் பூட்டுக. நிலக்கடலை, உளுந்து முதலியவற்றை அடிக்கும் களத்தில் மேல்மூடியின் சல்லடையில் சருகும் உமியும் அடைத்துக்கொள்ளும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது கையினால் தட்டிவிட்டாலே போதும்.

காகித மடிப்பினால் ஆன உலர் வகை, எண்ணெய்க் கிண்ணத்தைவிட நுண்ணிய தூசியைப் பிடிக்கும். இஞ்சின் மெதுவாக ஓடும்போதும் குறைவின்றி வேலை செய்யும். எண்ணெய் வகையின் திறமையோ காற்றின் வேகம் குறையுங்கால் தானும் குறைகிறது. ஆனால் உலர் வகையைக் கெடுப்பது பெரும்பாலும் நமது அதிக அக்கறையே. காகிதத்தின்மேல் மெல்லப் படியும் தூசியே மேலும் வரும் நுண்தூசியைத் தடுக்க உதவுகிறபடியால், சற்று ஓடிய வடிகட்டி புதியதைவிட நன்றாக வடிகட்டும். நாள்தோறும் திறந்து தட்டுவதனால் அந்தப் பயனும் போய், திறக்கும்போதெல்லாம் தூசியும் உள்ளே விழுகிறது. அடைப்பைக் காட்டும் சிவப்புக் குறி பொருத்தியிருந்தால் அது தோன்றும்போது திறப்பதே முறை. சுத்தம் செய்யுங்கால் காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டுக்கு மேற்படாத அழுத்தத்தில் செலுத்த வேண்டும். டயர்க் கடைக் கம்ப்ரஸரை அப்படியே திறந்துவிட்டால் காகிதம் கிழியும். டயரில் ஓங்கித் தட்டினால் விளிம்பு நெளிந்து, உட்காரும் இடத்தில் சந்து விடும். சுத்தம் செய்தபின் இருட்டறையில் உள்ளே ஒரு விளக்கைப் பிடித்துப் பார்க்கவும். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும். உள்ளிருக்கும் சிறிய காப்பு வடிகட்டியைச் சுத்தம் செய்வதே இல்லை, மாற்றுவதுதான்.

மூன்றாவது, எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்சு. நியூஜீலாந்து முதலிய தேசங்களில் மேய்ச்சற் பண்ணைக்காரர்கள் மேடுபள்ளங்களில் ஏறியிறங்க ஓட்டும் ஏ.டி.வி. என்னும் நாற்சக்கரச் சிறு வண்டிகளில் இவ்வகை பெரிதும் வழங்குகிறது. சாய்ந்தும் குலுங்கியும் ஓடும் வண்டியில் எண்ணெய்க் கிண்ணம் நிலைகொள்ளாது என்பதே காரணம். நமது களையெடுக்கும் பவர் வீடர்கள் பலவற்றிலும் ஸ்பாஞ்சு உண்டு. அதை வெந்நீரில் சோப்பிட்டு அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தி, சுத்தமான இஞ்சின் எண்ணெயில் தோய்த்து, மிகுதியைப் பிழிந்துவிட்டுப் பூட்ட வேண்டும். பெட்ரோலில் கழுவுதல் ஸ்பாஞ்சிற்கும் கேடு, கழுவுபவருக்கும் அபாயம்.

இவற்றுள் எதனைத் தெரிந்துகொள்வது என்று கேட்பவர்களுக்கு எனது அபிப்பிராயம் இது: நல்ல வடிகட்டி கடையில் தட்டின்றிக் கிடைக்குமாயின், ரோட்டவேட்டர் வேலை அதிகமாக உள்ளவர்களுக்கு உலர் வகை மேல். ஊர் தொலைவில் இருந்து, பழுதான காகிதத்தையே தட்டித் தட்டி ஓட்ட நேரிடும் என்றால், எண்ணெய்க் கிண்ணமே நம்பத்தக்கது. உலர் வடிகட்டி வாங்கும்போது ரப்பர் விளிம்பு மிருதுவாயும், மடிப்புகள் சீராயும், இருமுனைத் தகடுகள் உறுதியாக ஒட்டியும் இருக்கின்றனவா என்று பார்க்க. அட்டைப்பெட்டியின் பெயரை மட்டும் பார்த்து வாங்கற்க. பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள், பெயிண்டையும் டயரையும் பார்க்குமுன், மேற்சொன்ன ரப்பர்க் குழாயைக் கழற்றித் துணி விட்டுப் பார்ப்பாராக. விற்பவர் அதற்கு இணங்காவிட்டால் விலை பேச வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டியைக் கொட்டகையில் விட்டு வைக்குங்கால், காற்று நுழையும் வாயைத் துணியினால் கட்டி வைப்பது நல்லது. குளவி அதற்குள் மண்கூடு கட்டும். எலி வைக்கோலைத் திணிக்கும். கட்டிய துணியை ஸ்டார்ட் செய்யுமுன் அவிழ்க்க மறந்துவிடாதிருக்க, அதன் ஒரு முனையை ஸ்டியரிங் வரையில் நீளவிட்டு முடிந்து வைக்கலாம்.