ஸ்டிக்கர் அடிக்கிறதுக்கு முன்னாடி

பாளையங்கோட்டையிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். "யக்கா, நம்மூர்ப் பக்கம் கருப்பட்டி எடுத்துப் பாக்கெட் போட்டு விக்கப்போறேன். பேரு வச்சாச்சு, ஸ்டிக்கருக்கும் சொல்லியாச்சு."

என்ன பேர் என்றேன். 'கொற்கை முத்து ஒரிஜினல் உடன்குடி கருப்பட்டி.'

"ஏளா, முதல்ல அச்சகத்துக்குப் போன் போட்டு நிப்பாட்டு."

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பேரைப் போட வேண்டுமானால் சரக்கு அந்த வட்டாரத்தில் காய்ச்சினதாக இருக்க வேண்டும். பேரைப் பயன்படுத்த முறைப்படி பதிந்தும் இருக்க வேண்டும். நம்ம ஏரல் பக்கம் காய்ச்சினதை உடன்குடி என்று விற்றால் பொய்யும் ஆச்சு, வழக்கும் ஆச்சு. நம்மூர்ப் பனையில் இறக்கினது என்று சொல்வதில் என்ன கேவலம்?

தொழில் தொடங்கப்போகிற தங்கச்சிமார் எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பதநீர் பங்குனியில் சூடுபிடித்து ஆடியோடு அடங்கிவிடும். கருப்பட்டிக்குக் கிராக்கி வருவது மழைக்காலத்தில். நாலைந்து மாசம் வாங்கி, வருஷம் முழுக்க விற்கிற யாவாரம் இது. போட்ட பணம் பரணில்தான் உட்கார்ந்திருக்கும். கையில் ஒரு லட்சம் இருந்தால் பாதிக்கு மட்டும் சரக்கு எடு. மீதி கவருக்கு, பார்சல் கூலிக்கு, கையைக் கடிக்கிற மாசத்துக்கு.

நான் முதல் வருஷம் இருந்ததையெல்லாம் சரக்கில் போட்டேன். சிரட்டை சிரட்டையாய் அழகாய் இருக்கிறதே என்று பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டி அடுக்கினேன். ஐப்பசி மழை பிடித்து பத்து நாள் கழித்துத் திறந்தால், அடியில் கறுப்பாய்ப் பாகு தேங்கி நிற்கிறது. மேலே இருந்ததைப் பிரித்தால் கவரோடு வருகிறது. நாற்பது கிலோ. அதிரசத்துக்குப் பாகாகப் பாதி விலைக்குத் தள்ளினேன். அம்மா அடுப்புக்கு மேலே புகைபடுகிற பரணில் ஏன் போட்டு வைத்தாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதிலிருந்து என் நோட்டில் மூன்று வரிசை கூடுதல். இளகிப் போனது, கடனுக்குக் கொடுத்தது, என் கூலி. "வித்துட்டுத் தாரேன்" என்கிற கடைக்காரர் பேருக்கு நேரே தேதியும் எழுது. உன் கூலியை எழுதாமல் லாபம் பார்த்தால் அது லாபமே இல்லை, நீ சும்மா உழைத்தது. வீட்டுச் செலவுக்கு யாவாரப் பணத்தில் கை வைக்காதே. தனியாக ஒரு கணக்கு வங்கியில் திற. மானியக் கடன் வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. மாதிரித் திட்டத்தில் மானியம் கையில் வராது. மூன்று வருஷம் வங்கியில் உன் பேரில் கிடந்து, பிறகுதான் கடனில் கழியும். அதை நம்பிச் செலவு போட்டால் திண்டாட்டம்தான்.

இனி சீனி கலக்கிற சமாச்சாரம். காய்ச்சும்போது சீனியைக் கொட்டினால் எடை கூடும், செலவு குறையும். யாராவது உன்னிடமும் சொல்வார்கள், "எல்லாரும் போடுறாங்கம்மா" என்று. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சீனி கலந்து பனங்கருப்பட்டி என்று விற்பது குற்றம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஸ்டிக்கரில் போடுகிற வேலையும் வேண்டாம். காய்ச்சுகிற இடத்துக்கே போய் நின்று பார்த்து வாங்கு. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்றும் பார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். கள்ளுக்கு 1987லிருந்து இங்கே தடை.

ஏறுகிறவருக்குக் கூலியை அன்றன்றைக்குக் கொடுத்துவிடு. சீசனுக்கு முன்னால் முன்பணத்தைக் கொடுத்து, "எனக்கு மட்டும்தான், நான் சொல்லுற விலைக்குத்தான்" என்று கட்டிப்போடுகிற பழக்கம் நமக்கு வேண்டாம். தங்கச்சி ஸ்டிக்கரில் வைக்கப் பார்த்த கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்று 'பெரிப்ளூஸ்' என்கிற பழைய கிரேக்க நூல் எழுதி வைத்திருக்கிறது. முத்து எவ்வளவுக்குப் போயிற்றோ, மூழ்கினவன் கைதிதான்.

காகிதங்கள் அவ்வளவு பயப்படுகிற விஷயம் இல்லை. பாக்கெட் போடுகிறவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். கிடைக்கிற 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். கூடவே உன் பேர், முகவரி, நிகர எடை, பாக்கெட் போட்ட மாசம், வருஷம், வரியெல்லாம் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு போன் எண். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கிறவர் ஏஜென்ட், அரசாங்கம் இல்லை. சரக்கு விற்பனை வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, ஆனால் பெங்களூருக்கு அனுப்ப ஆரம்பித்தால் அந்தச் சலுகை கிடையாது, ஆடிட்டரைப் பார்.

சிநேகிதியோடு கூட்டு என்றால் பத்திரம் எழுதிப் பதிவும் பண்ணிவிடுங்கள். பதியாத கூட்டு நிறுவனம், வர வேண்டிய பாக்கிக்காக ஒப்பந்தத்தைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1932ஆம் வருஷத்துச் சட்டம், இன்றைக்கும் அதுதான்.

தங்கச்சி ஸ்டிக்கரை மாற்றிவிட்டாள். 'பனங்கருப்பட்டி, ஏரல் வட்டாரம், 500 கிராம்.' அந்த 500 கிராமை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை அரசு முத்திரை வேண்டும். முத்திரைக்குப் போகும்போது தராசையும் கையோடு தூக்கிக்கொண்டு போ.