பாடம்: போன் படிக்கும், நாம் கேட்போம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில், "டச் போன் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். பதினாறு பேரில் பதினோரு பேர் தூக்கினார்கள். "பேசுவது, வீடியோ பார்ப்பது தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்துபவர்கள்?" என்று கேட்டதும் இரண்டு கைதான் நின்றது. மற்றவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க மேடம். பையன் வந்தா பாத்துச் சொல்லுவான்."

பையன் வரட்டும் என்று காத்திருந்ததில் நம் உறுப்பினர் ஒருவருக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

அவர் நாட்டுக்கோழி வளர்க்கிறார். ஒருவன் போன் செய்து, "நாலு கோழி வேணும்க்கா. 1,850 ரூபாய் இப்பவே அனுப்பறேன்" என்றான். வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு படம் ஒன்று வந்தது. "இதைப் பணம் அனுப்புற ஆப்ல திறந்து ரகசிய எண்ணைப் போடுங்க, பணம் உங்க கணக்குல ஏறிடும்" என்றான். அவரும் போட்டார். "ஏறலைக்கா, இன்னொரு தடவை போடுங்க" என்றான். மறுபடியும் போட்டார். வந்தது ஒன்றுமில்லை. போனது 3,700 ரூபாய். அது குழுக் கடன் தவணைக்காக எடுத்து வைத்த பணம்.

முதல் தடவை பணம் போனவுடனே வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்ததால் அவர் பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்துப் பையன் வந்து படித்த பிறகுதான் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் திரும்பவில்லை. அந்த மாதத் தவணையைக் குழு உள்கடன் கொடுத்துக் கட்டியது.

அந்தச் செய்தியை அவரே அப்போது புரிந்துகொண்டிருந்தால் இரண்டாவது 1,850 தப்பியிருக்கும். அதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. போனே படித்துச் சொல்லும்.

1. இங்கிலீஷ் செய்தியைத் தமிழில் கேட்பது

* செய்தியைத் திறந்து, பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை அப்படியே போட்டோ ஆகிவிடும்.
* கூகுள் ஆப்பைத் திறந்தால், தேடும் பெட்டியில் சின்ன கேமரா படம் இருக்கும். அதைத் தொட்டு அந்தப் போட்டோவைத் தேர்ந்தெடுங்கள்.
* 'மொழிபெயர்' என்பதைத் தொட்டுத் தமிழைத் தேர்வு செய்யுங்கள். ஒலிபெருக்கி படத்தைத் தொட்டால் படித்தும் காட்டும்.

'வரவு' என்று வந்தால் பணம் வந்திருக்கிறது. 'பற்று' அல்லது 'டெபிட்' என்று வந்தால் பணம் போயிருக்கிறது. நம் குழு நோட்டில் பார்க்கிற வரவு செலவு மாதிரிதான். மொழிபெயர்ப்பில் சில சமயம் தப்பு வரும். அதனால் தொகையை மட்டும் முதல் செய்தியோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். காகிதத்தில் வரும் கடிதம், மருந்துச் சீட்டு என்றால் கேமராவை நேராகக் காட்டினாலே போதும். ஆனால் மருந்து விஷயத்தில் மருந்துக் கடையிலோ நர்ஸிடமோ ஒரு தடவை கேட்டுக் கொள்ள வேண்டும்.

2. கையால் எழுதாமல் எழுதுவது

எழுத்து அடிக்கும் இடத்தில் சின்ன மைக் படம் இருக்கும். விசைப்பலகை மொழியில் தமிழைச் சேர்த்துக் கொண்டு, மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுதிவிடும். கூட்டத் தீர்மானத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப இது போதும். ஊர் பெயர், ஆள் பெயர், தொகை மூன்றையும் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள். இந்த இரண்டு வேலைக்கும் நெட் இருக்க வேண்டும்.

3. ரகசிய எண்

இதை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்: பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. யாராவது போடச் சொன்னால் நம் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். பையன், கணக்கர், ஊக்குநர், நான் உட்பட யாரிடமும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது. இதுவரை சொல்லியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். பிறந்த வருடத்தை எண்ணாக வைக்காதீர்கள்.

பணம் போய்விட்டால் அழுது கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. வந்த செய்தியை அழிக்காதீர்கள். "வீட்டில் திட்டுவார்கள்" என்று மறைப்பதால் திருடனுக்குத்தான் நேரம் கிடைக்கிறது.

கூட்டத்தில் செய்து பார்க்க

* ஒவ்வொருவரும் தனக்கு வந்த ஒரு வங்கிச் செய்தியைத் தமிழில் கேட்டு, வரவா பற்றா என்று சொல்ல வேண்டும். இருப்புத் தொகையைச் சொல்ல வேண்டாம்.
* மைக்கில் பேசி ஒரு தீர்மானம் எழுத வேண்டும்.
* 1930 எண்ணைப் போனில் பதிந்து வைக்க வேண்டும். பட்டன் போன் வைத்திருப்பவர்களும் பதியலாம்.

தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் போனை வாங்கி நீங்களே செய்து கொடுக்காதீர்கள். அவரவர் விரலே தொட வேண்டும். பணம் பறிகொடுத்த அந்த உறுப்பினர்தான் இப்போது தன் குழுவில் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்.