சீன எழுத்தைக் கீற்றுக் கீற்றாக எழுதிப் பழகுதல்

பகவன் புத்தரின் தருமம் இந்நாட்டினின்று சீனத்திற்குச் சென்ற வரலாற்றை நம் அன்பர்கள் அறிவர். ஆங்கு மொழிபெயர்க்கப்பட்ட நூல்கள் பலவற்றின் மூலங்கள் பின்னர் இந்நாட்டில் மறைந்தொழிந்தன. சீன வடிவமே எஞ்சி நிற்கின்றது. நம் முன்னோர் இழந்த அச்செல்வத்தை நேரே காண விழைவோர்க்கு முதற் படி எழுத்துப் பயிற்சியே. இந்தியாவிலும் 1937-ஆம் ஆண்டிலேயே சாந்திநிகேதனத்தில் சீன பவனம் நிறுவப்பெற்றது. ஆதலின் இப்பயிற்சியின் தொடக்கத்தை ஈண்டு சுருங்கக் கூறுவோம்.

தமிழ் எழுத்து ஒலியைக் குறிப்பது. சீன எழுத்தோ பெரும்பாலும் ஓர் ஒலியையும் அதன் பொருளையும் ஒருசேரக் குறிப்பது. நாளிதழ் படிப்பதற்கே இரண்டு மூவாயிரம் எழுத்துகள் வேண்டும். இத்தொகையைக் கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. அவை யாவும் ஒரு சில கீற்றுகளாலேயே ஆனவை.

கீற்று என்பது யாது? தூரிகையைத் தாளில் ஊன்றியது முதல் எடுக்கும் வரை உண்டாகும் கோடு ஒரு கீற்றாகும். 'வாய்' என்னும் எழுத்து ஒரு சதுரம். பக்கம் நான்காயினும் கீற்று மூன்றே. இடப்பக்கம் ஒன்று, மேற்பக்கமும் வலப்பக்கமும் மடிந்து வரும் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று.

இனி வரிசை முறையைக் காண்போம்.

1. மேலுள்ளது முன், கீழுள்ளது பின். 'மூன்று' என்பது மூன்று கிடைக்கோடுகள். மேலிருந்து கீழாக எழுதுக.

2. இடப்புறம் முன், வலப்புறம் பின்.

3. கிடைக்கோடு முன், குத்துக்கோடு பின். கூட்டற்குறி போன்ற 'பத்து' இதற்குச் சான்று.

4. இடப்புறம் சாய்வது முன், வலப்புறம் சாய்வது பின். இரு கால் ஊன்றி நிற்பது போன்ற 'மனிதன்' இவ்வாறு அமையும்.

5. வெளிச்சுவர் முன், உள்ளிருப்பது அடுத்து, அடைக்கும் கோடு இறுதி. 'ஞாயிறு' நடுவே கோடிட்ட ஒரு கட்டம். ஆள் உள்ளே சென்ற பின்னரே கதவை அடைக்க வேண்டும் என்று சீன ஆசிரியர் இதனைக் கற்பிப்பர்.

எளிய எழுத்துகள் கூடிப் பெரியவை பிறக்கும். 'பத்து' என்பதன் இருபுறமும் சாய்கீற்று இட்டால் 'மரம்', கீற்று 4. மரத்தருகே மனிதன் நின்றால் 'இளைப்பாறுதல்', கீற்று 6. சொல்லருகே மனிதன் நின்றால் 'நம்பிக்கை', கீற்று 9. 'புத்தர்' என்னும் எழுத்திற்குக் கீற்று 7. இடப்பக்கம் மனிதன் 2. வலப்பக்கம் ஒலியைக் காட்டும் உறுப்பு 5. இன்று வட சீனத்தார் இதனை 'ஃபோ' என்பர். பண்டை ஒலி 'புத்' என்பதற்கு அணித்தாக இருந்தது. ஜப்பானியர் 'புட்சு' என்பதில் அவ்வொலி இன்றும் புலப்படுகிறது.

உருவம் சரியாக வந்தால் போதாதோ, வரிசை எதற்கு என்று சிலர் வினவலாம். விரைந்து எழுதுங்கால் கீற்றுகள் வரிசைப்படியே ஒன்றோடொன்று இணையும். வரிசை அறியாதவர் பிறர் கையெழுத்தைப் படிக்க இயலாது. அகராதியும் கீற்றெண்ணைச் சார்ந்தே அமைந்தது. 1716-இல் நிறைவுற்ற காங்ஷி அகராதி எழுத்துகளை 214 தலைப்புகளில் வகுத்து, எஞ்சிய கீற்றுகளின் எண்ணிக்கைப்படி அடுக்குகிறது. 'இளைப்பாறுதல்' வேண்டின் 'மனிதன்' என்னும் தலைப்பில் நான்கு கீற்றுப் பகுதியை நாட வேண்டும். வாய்க்கு நான்கு கீற்று என எண்ணுவோர் பொருளைத் தேடி அலைவர். மேலும், வரிசை வழுவாது எழுதிய கை, கண் மறந்ததையும் நினைவிற் கொள்ளும்.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீயோங் என்னும் பிக்கு எழுத்துக் கலையிற் சிறந்தவர். ஆயிரம் எழுத்துகளாலாகிய பாடநூலை எண்ணூறு படிகள் எழுதி விகாரைகளுக்கு வழங்கினார் என்றும், தேய்ந்த தூரிகைகளைப் புதைத்துச் சமாதி எழுப்பினார் என்றும் மரபு கூறும்.

தொடங்குவோர் கட்டமிட்ட தாளும் மரபு வடிவங்களைக் காட்டும் பாடநூலும் கொள்க. 1956 முதல் சீன அரசு பல எழுத்துகளின் கீற்றுகளைக் குறைத்தது. பழைய சூத்திரங்களோ மரபு வடிவில் எழுதப்பெற்றவை. தூரிகையை நேராக நிறுத்தி, கீற்றை எண்ணியவாறே எழுதுக. நாளொன்றுக்கு மூன்று எழுத்து போதும்.

காஞ்சிக்கு வந்து சென்ற யுவான் சுவாங் 649-இல் மொழிபெயர்த்ததாகக் கொள்ளப்படும் பிரஜ்ஞாபாரமிதா ஹிருதய சூத்திரம் 260 எழுத்துகளே. ஜப்பானிய விகாரைகளில் இல்லறத்தாரும் அமர்ந்து அதனைப் படியெடுப்பர். நாள் மூன்றாகப் பழகுவோர் மூன்று திங்களுக்குள் அதனை முழுமையும் தம் கையால் எழுதிவிடலாம். திரும்ப வரும் எழுத்துகள் பலவாதலின் உழைப்பு இன்னும் குறையும்.

பயிற்சி: 'மூன்று', 'பத்து', 'மனிதன்', 'வாய்', 'மரம்' ஆகிய ஐந்தையும் கீற்றெண்ணிப் பத்து முறை எழுதுக. பின்னர் 'புத்தர்' என்னும் எழுத்தின் ஏழு கீற்றுகளையும் வரிசை பிறழாது எழுதுக.