கல் விழுந்த குளம்

குளத்தில் எறிந்த கல் நொடியில் மூழ்கிவிடும்; அலை வட்டங்களோ கரைவரை விரியும். குற்றமும் அத்தகையதே. இவ்வுண்மையைக் குற்றம் புரிந்தவர்களுக்கே கற்பிக்கும் வகுப்புகள் சில நாடுகளின் சிறைகளில் நடைபெறுகின்றன.

கனடா நாட்டில் எல்மைரா என்பது ஒரு சிற்றூர். 1974ஆம் ஆண்டில் ஓர் இரவு, மது அருந்திய இளைஞர் இருவர் அங்கு 22 இடங்களில் சேதம் விளைவித்தனர், சன்னல்களை உடைத்தனர், வண்டிச் சக்கரங்களைக் கிழித்தனர். நன்னடத்தை அலுவலர் ஒருவர், அவர்கள் பாதிக்கப்பட்டோரை நேரில் சந்திக்க வேண்டும் என்று நீதிபதியிடம் கூறினார். நீதிபதியும் இசைந்தார். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். தாங்கள் செய்ததை ஒப்புக்கொண்டனர். சில மாதங்களில் இழப்பீடும் செலுத்தினர்.

பின்னர் 1980களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து இளங்குற்றவாளிகள் சீர்திருத்த நிலையங்களில் இதுவே பாடமாயிற்று. பாதிக்கப்பட்டோர் தாமே முன்வந்து வகுப்பில் பேசுவர். பெரும்பாலும் அவர்கள், கேட்டிருப்போரால் பாதிக்கப்பட்டவர் அல்லர், வேறொருவரால் துன்புற்றவர். ஆயினும், கேட்பவர் தம் செயலை அச்சொற்களில் காண்பார்.

ஒரு வீட்டில் திருட்டு நடந்ததாகக் கொள்வோம். திருடியவர் கணக்கில் அது ஒரு கைப்பேசி மட்டுமே. அவ்வீட்டுக் குழந்தையோ இரவில் சிறு ஓசைக்கும் விழித்து அழுகிறது. பாட்டி பட்டப்பகலிலும் கதவைத் தாழிடுகிறார். மறைந்த தாத்தாவின் குரல் பதிவு அக்கைப்பேசியோடு போயிற்று. புதிய கைப்பேசியை வாங்கலாம். அக்குரலை எங்கே வாங்குவது? திருடியவரின் தாயும் ஊரார் முன் தலைகுனிகிறார்.

இவ்வகுப்பின் நோக்கம் கைதியை இழிவுபடுத்துவது அன்று. தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கச் செய்வதாகும். தண்டனைக் காலம் ஒருநாள் முடியும். வெளியே வருபவர் பிறர் துன்பத்தை உணர்ந்தவராக வரவேண்டும் அல்லவா?

சொற்பொருள்
இசைந்தார் – உடன்பட்டார்
இழப்பீடு – இழப்பை ஈடுசெய்யத் தரும் பொருள்
இழிவுபடுத்துதல் – தாழ்வாக நடத்துதல்

விடை தருக
1. எல்மைரா இளைஞர்கள் வீடு வீடாகச் சென்றது ஏன்?
2. வகுப்பில் பேசுவோர் யாவர்?
3. கைப்பேசித் திருட்டால் துன்புற்றோர் எத்தனை பேர்? பட்டியலிடுக.

எழுதுக
உங்கள் செயலால் வருந்திய ஒருவருக்கு ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக. 'மன்னிக்கவும்' என்பதற்கு முன், அவர் எதை இழந்தார் என்பதை எழுதுக.