காய்ச்சலுக்கென்று ஒரு பக்கம்

அன்புள்ள தங்கைக்கு,

டைபாய்டிலிருந்து எழுந்து உன் டயட் ஆலோசனைக்கு வந்தவர் எடை மெஷினில் ஏறி, 4 கிலோ குறைந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார் என்று எழுதியிருந்தாய். அவரோடு சேர்ந்து சிரிப்பதா, எச்சரிப்பதா என்று உனக்குக் குழப்பம். சிரிக்கட்டும், விடு. பத்து நாள் வதைபட்டவருக்கு வந்த ஒரே நல்ல செய்தி அது. ஆனால் அந்த 4 கிலோ உடம்பில் எங்கிருந்து போனது என்ற கணக்கை நீ போட வேண்டும்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினம் 2,000 கலோரி செலவாகும் ஒருவர் பத்து நாள் அரை வயிறு சாப்பிட்டிருந்தால் பற்றாக்குறை 10,000. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஓய்வில் எரியும் கலோரியும் 10 முதல் 13 சதவீதம் ஏறும், அதையும் சேர்த்துக்கொள். அப்படியும் கொழுப்பில் ஒன்றரை கிலோ போயிருந்தால் அதிகம். மீதி என்ன? ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் சுமார் அரை கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து 2 கிலோ வரை போகும். நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய சில நாளில் அப்படியே திரும்பிவிடும். எஞ்சியது தசை. அது தானாகத் திரும்பாது. 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தசை போயிருந்தது. அவர்களுக்கு நோய்கூட இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: நீ எழுதிக் கொடுக்கும் டயட் சார்ட் நல்ல நாளுக்கு மட்டும் எழுதியதாக இருக்கிறது. ஆறு மாதத் திட்டம் என்றால் நடுவில் ஒரு காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, பல் பிடுங்கலோ வராமல் போகாது. அந்த நாளுக்கென்று ஒரு பக்கம் இல்லாத சார்ட் பாதி வேலை. அந்தப் பக்கத்தை முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடு. படுத்த பிறகு கேட்டுக்கொள்ள யாருக்கும் தெம்பு இருக்காது.

முதல் வரி: காய்ச்சல் இருக்கும்வரை எடைக் குறைப்பு நிறுத்தம். மெஷினில் ஏற வேண்டாம். இதைத் தோல்வியாக அல்ல, திட்டத்தின் ஒரு பகுதியாகவே எழுது. காய்ச்சல்காரரைப் பட்டினி போடுவது பல ஊர்களில் இருந்த பழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் அதை எதிர்த்துத் தன் நோயாளிகளுக்கு உணவு கொடுத்தார். நம் வீடுகளில் ‘லங்கணம் பரம ஔஷதம்’ இன்னும் ஒலிக்கிறது. அதோடு விரதமுறை டயட்டும் சேர்ந்துகொண்டால் ஆள் துவண்டுவிடுவார்.

மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ டயட்டில் இருப்பவர்களிடம் தனியாகப் பேசு. நாக்கு கசந்து கிடக்கும்போது வெண்ணெயும் கறியும் இறங்காது. கஞ்சி ‘தடை’ என்று வெறும் வயிற்றோடு கிடப்பார்கள். கஞ்சி, இடியாப்பம், இட்லி, குழைந்த ரசம் சாதம், உப்புப் போட்ட மோர் என்று இறங்குவதைச் சாப்பிடச் சொல். வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ். ஜவ்வரிசிக் கஞ்சி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. பாசிப்பருப்பு சேர்த்த அரிசிக் கஞ்சி மேல். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று சொல்லி வை.

இரண்டாவது வரியைச் சிவப்பு மையில் எழுது: சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் சாப்பாடு இறங்காத அன்றே டாக்டரை அழைக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் உள்ளே இருக்கும்போது பட்டினியும் நீரிழப்பும் சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே, ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இன்சுலின் போடுபவர் தாமாக நிறுத்தக் கூடாது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் வேலையில்லை. அழைக்கச் சொல்வது நம் வேலை. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் வரும். “காய்ச்சல் விட்டிருச்சு, டயட் தொடங்கலாமா மேடம்?” என்று போன் வந்தால், முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்.

சிக்கல் அதிகம் வருவது, காய்ச்சலிலிருந்து தேறும் நாட்களில்தான். 1944-45இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். உணவு திரும்பக் கிடைத்தபோது அவர்களின் பசி அடங்கவே இல்லை. தசையைவிடக் கொழுப்பு வேகமாகச் சேர்ந்தது. பத்து நாள் காய்ச்சல் அவ்வளவு கடுமையானதில்லை. ஆனாலும் அகோரப் பசி வரும். கூடவே சொந்தக்காரர்கள் வருவார்கள். “இப்படி எளைச்சுப் போயிட்டியே” என்று ஊட்டச்சத்து பானம், பிஸ்கட், பழச்சாறு, அல்வா. பசியோடு சண்டை போடாதே, புரதத்தால் நிரப்பு. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராமாவது தேவை. 70 கிலோ ஆளுக்கு அது 84 கிராம். இரண்டு முட்டையில் 12தான் வரும். ஆகவே மூன்று வேளையும் முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் என ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். சொந்தக்காரர்களைப் பகைக்காமல் அல்வாவுக்குப் பதில் அவித்த முட்டை கொண்டுவரச் சொல்லலாம். பாசம் காட்ட அவர்களுக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

என் வழக்கம் இது: படுத்த நாள் எத்தனையோ, எழுந்தபின் அத்தனை நாள் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் அளவு சாப்பாடு. பிறகு பழைய பற்றாக்குறையில் பாதி. அதன்பின் முழுசு. விட்டதைப் பிடிக்க ஒரே வாரத்தில் குறைத்துச் சாப்பிடுபவர்தான் மூன்றாம் வாரம் நம் பக்கம் வராமலே போகிறார்.

உன் டைபாய்டுக்காரரிடம் திரும்பி வரும் 2 கிலோவைப் பற்றி இப்போதே சொல்லிவிடு. முன்பே தெரிந்தால் அது வரும்போது மனம் உடையாது. அடுத்த சந்திப்பில் எடை பார்க்கும் முன், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்திருக்கச் சொல். எழ முடியாவிட்டால் சார்ட்டில் ஒரு கலோரிகூடக் குறைக்காதே.

அன்புடன்,
உன் அக்கா